விண்ணில் பறந்த வீராங்கனை: மாணவிகளுக்கு வழிகாட்டிய அமீலியா

செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்கள் ராஜகிரி மலையைப் பார்த்திருப்பார்கள். அதன் உயரம் சுமார் 800 அடி. மூச்சு வாங்கப் படி ஏறி, உச்சியில் நின்று பார்த்தால், கீழே மேயும் மாடுகள் எறும்பு போலத் தெரியும். கல்யாண மகால் பொம்மை வீடு போல இருக்கும். காற்று ஆளைத் தள்ளும். அங்கே நிற்கும் குழந்தைகளுக்கு ஓர் ஆசை வரும். இறக்கை இருந்தால் அப்படியே பறந்து போகலாமே என்ற ஆசைதான் அது!

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜன் நினைவு வரும். யாருக்கும் அடங்காத குதிரையை அவன் அடக்கி ஏறினான் என்று கதைப் பாட்டு சொல்கிறது. 1714-ம் ஆண்டில், 22 வயதில், அவன் போர்க்களத்தில் மாண்டான். 300 ஆண்டுகள் ஆகியும் அவன் பெயர் மறையவில்லை.

ஆண்பிள்ளை குதிரை ஏறினால் அது வீரம். பெண்பிள்ளை ஆகாய விமானம் ஏறினால்? அது அடங்காத்தனம் என்று பேசிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் விமானம் ஏறியவர்தான் அமெரிக்கப் பெண் அமீலியா ஏர்ஹார்ட். அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தன்னந்தனியாகப் பறந்து கடந்த முதல் பெண் அவர்.

அவர் பறந்த கதை பலருக்குத் தெரியும். கல்லூரி மாணவிகளோடு விடுதியில் தங்கி, அவர்களுக்கு ஆலோசகராக இருந்த கதை அவ்வளவாகத் தெரியாது. இரண்டும் சேர்ந்ததுதான் அவருடைய வாழ்க்கை.

கூரையில் இருந்து சறுக்கியவள்

1897-ம் ஆண்டு ஜூலை மாதம் 24-ந் தேதி அமீலியா பிறந்தாள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள அட்சிசன் அவளுடைய ஊர். மிசௌரி ஆற்றங்கரையில் தாத்தாவின் பெரிய வீடு இருந்தது. தாத்தா நீதிபதியாக இருந்தவர். அமீலியாவுக்கு ஒரு தங்கை. பெயர் மியூரியல்.

அந்தக் காலத்துப் பெண் குழந்தைகள் நீளப் பாவாடை கட்டிக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அமீலியா மரம் ஏறுவாள். பூச்சி பிடிப்பாள். பனியில் சறுக்கி விளையாடுவாள். தாயார் தடுக்கவில்லை. ஓடி ஆடத் தோதாகக் கால்சட்டை தைத்துக் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள்.

ஒரு நாள் அமீலியா கொட்டகைக் கூரையில் இருந்து தரைவரை பலகைகளைச் சாய்த்துக் கட்டினாள். ஒரு மரப் பெட்டிக்குள் உட்கார்ந்து கூரையில் இருந்து சறுக்கினாள். பெட்டி தடாலென்று தரையில் மோதியது. உடுப்பு கிழிந்தது. உதட்டில் காயம். ஆனால் அவள் அழவில்லை. பறப்பது போல இருந்தது என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தாள்!

குடி கெடுத்த குடும்பம்

அமீலியாவின் தகப்பனார் எட்வின் வக்கீல். ரயில்வே கம்பெனியில் நல்ல உத்தியோகம். பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் குடிப்பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. வேலை போயிற்று. குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. அமீலியா பள்ளிக்கூடம் மாறி மாறிப் படித்தாள். 1916-ம் ஆண்டில் சிக்காகோவில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தாள்.

வீட்டில் வரும்படி நின்றுவிட்டால் ஒரு பெண்ணின் கதி என்ன என்பதை அவள் கண்ணால் பார்த்தாள். தாயாரின் கவலை அவள் மனதில் பதிந்தது. அப்போது அவள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். ஆண்கள் மட்டும் செய்துவந்த வேலைகளில் சேர்ந்து பெயர் எடுத்த பெண்களைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தால், அதைக் கத்தரித்து ஒட்டிவைப்பாள். பெண் வக்கீல், பெண் என்ஜினீயர், சினிமா எடுக்கும் பெண் என்று ஒவ்வொரு செய்தியாகச் சேர்ந்தது. பின்னால் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஆலோசனை சொன்னாரே, அதற்கு விதை இந்த நோட்டுப் புத்தகம்தான்.

10 நிமிஷம்

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1917-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் அமீலியா கனடாவில் டொரண்டோ நகருக்குப் போனார். தங்கை அங்கே படித்துக்கொண்டிருந்தாள். தெருவில் கால் இழந்த சிப்பாய்கள் ஊன்றுகோலுடன் நடந்து வந்தார்கள். அந்தக் காட்சி அமீலியாவை உலுக்கிவிட்டது. படிப்பை நிறுத்திவிட்டு, ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்ந்து காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார்.

போர் முடிந்ததும் டாக்டருக்குப் படிக்க நினைத்து நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு வருஷத்துக்குள் பெற்றோர் கலிபோர்னியாவுக்கு அழைத்துக்கொண்டார்கள்.

1920-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி தகப்பனாரும் மகளும் விமானக் காட்சி பார்க்கப் போனார்கள். 10 நிமிஷம் விமானத்தில் ஏற்றிக்காட்டக் கட்டணம் 10 டாலர். தகப்பனார் பணம் கட்டினார். பிராங்க் ஹாக்ஸ் என்ற விமானி ஓட்டினார். விமானம் சில நூறு அடி உயரம் போவதற்குள் அமீலியா முடிவு செய்துவிட்டார். இனி விமானம் ஓட்டாமல் இருக்க முடியாது!

கற்றுக்கொடுத்தவரும் பெண்தான்

விமானம் ஓட்டக் கற்க ஆயிரம் டாலர் வேண்டும். வீட்டில் பணம் இல்லை. அமீலியா டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தார். போட்டோ பிடித்தார். லாரி ஓட்டினார். பஸ் நின்ற இடத்தில் இறங்கி, விமானத் திடலுக்கு மைல் கணக்கில் நடந்து போனார்.

நீட்டா சுனூக் என்ற பெண் விமானி 1921-ம் ஆண்டு ஜனவரியில் இருந்து அவருக்குக் கற்றுக்கொடுத்தார். அமீலியா தலைமுடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக வெட்டிக்கொண்டார். ஒரு தோல் சட்டை வாங்கினார். புதுச் சட்டையைப் பார்த்து மற்ற விமானிகள் சிரிப்பார்களே என்று, அதைப் போட்டுக்கொண்டே மூன்று இரவு தூங்கி, கசங்கிய பிறகுதான் வெளியே போனாராம்!

அதே ஆண்டில் பழைய விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். மஞ்சள் நிற விமானம். அதற்குக் கானரி என்று ஒரு மஞ்சள் குருவியின் பெயரை வைத்தார். 1922-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி அதில் ஏறி 14 ஆயிரம் அடி உயரம் பறந்தார். அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு உயரம் பறந்ததில்லை. 17 ராஜகிரி மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த உயரம் எட்டாது! மறு ஆண்டு விமானி லைசென்ஸ் கிடைத்தது.

ஆனால் கஷ்டம் மறுபடியும் வந்தது. குடும்பப் பணம் நஷ்டத்தில் கரைந்தது. விமானத்தை விற்க வேண்டியதாயிற்று. 1924-ல் பெற்றோர் விவாகரத்து செய்து பிரிந்தார்கள். அமீலியா தாயாரைக் காரில் ஏற்றிக்கொண்டு, நாட்டின் ஒரு கோடியில் இருந்து மறுகோடியில் உள்ள பாஸ்டன் பக்கம் போய்ச் சேர்ந்தார். அங்கே டெனிசன் இல்லம் என்ற சமூக சேவை நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். வெளிநாடுகளில் இருந்து பிழைக்க வந்த ஏழைகளின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். அவர்களுடன் விளையாடினார். பறக்கும் ஆசை ஓய்வு நேரத்துக்கு ஒதுங்கியது.

மூட்டையாகப் போன பயணம்

1928-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். டெனிசன் இல்லத்தில் டெலிபோன் மணி அடித்தது. அட்லாண்டிக் சமுத்திரத்தை விமானத்தில் கடக்க ஒரு பெண் தேவை, வர முடியுமா என்று கேட்டார்கள். அமீலியா சம்மதித்தார்.

ஜூன் 17-ந் தேதி நியூபவுண்ட்லாந்தில் இருந்து விமானம் புறப்பட்டது. ஸ்டல்ட்ஸ் ஓட்டினார். கார்டன் மெக்கானிக்காக வந்தார். அமீலியாவுக்கு ஓட்டும் வேலை இல்லை. 20 மணி 40 நிமிஷத்தில் விமானம் வேல்ஸ் நாட்டில் இறங்கியது. அட்லாண்டிக்கை விமானத்தில் கடந்த முதல் பெண் என்று உலகப் பத்திரிகைகள் அமீலியாவின் படத்தைப் போட்டன. நியூயார்க்கில் ஊர்வலம் நடந்தது.

வேறு ஒருவராக இருந்தால் அந்தப் புகழில் குளிர்காய்ந்திருப்பார். அமீலியாவுக்கு அது உறுத்தியது. ஓட்டியவர்கள் இரண்டு ஆண்கள், தாம் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி உள்ளே கிடந்ததுதான் உண்மை என்று பேட்டியில் சொன்னார். சும்மா வந்த பெயரை உழைத்து ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் ஊன்றிவிட்டது.

99 பெண்கள்

அப்போது அமெரிக்காவில் லைசென்ஸ் வாங்கிய பெண் விமானிகள் 117 பேர்தான். ஆளுக்கு ஒரு மூலையில் இருந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் உதவ ஒரு சங்கம் வேண்டும் என்று எல்லோருக்கும் கடிதம் போயிற்று. 1929-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி நியூயார்க் அருகே கூட்டம் நடந்தது. 26 பேர் வந்தார்கள். வராதவர்கள் பலர் கடிதம் எழுதிச் சேர்ந்தார்கள். மொத்தம் 99 பேர். சங்கத்துக்குப் பெயர் வைப்பதில் தகராறு வந்தபோது, சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையே பெயராக வைக்கலாம் என்று அமீலியா யோசனை சொன்னார். அந்தப் பெயரே நிலைத்தது. 1931-ல் அமீலியா சங்கத்தின் முதல் தலைவி ஆனார்.

அதே ஆண்டில் ஜார்ஜ் பட்னம் என்ற புத்தக வெளியீட்டாளரை மணந்தார். கலியாணத்துக்கு முன் அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். தம்முடைய வேலைக்குத் தடை வரக்கூடாது, ஒரு வருஷத்தில் சந்தோஷம் கிட்டாவிட்டால் பிரிந்துவிட வேண்டும் என்பது அதன் கருத்து. பட்னம் ஒப்புக்கொண்டார். கடைசிவரை அவர்கள் பிரியவில்லை.

தன்னந்தனியாக

1932-ம் ஆண்டு மே 20-ந் தேதி மாலை. அமீலியா சிவப்பு நிற விமானம் ஒன்றில் தனியாக ஏறி, மறுபடியும் அட்லாண்டிக் மேல் பறந்தார். இந்தத் தடவை மூட்டையாக அல்ல!

கொஞ்ச நேரத்தில் உயரம் காட்டும் கருவி கெட்டுப்போயிற்று. புயல் அடித்தது. இருட்டில் இறக்கைமேல் பனிக்கட்டி படிந்தது. விமானம் சுழன்று கொண்டு கீழே விழுந்தது. அலை தெரியும் உயரத்தில்தான் அமீலியாவால் அதை நிமிர்த்த முடிந்தது. என்ஜின் பக்கத்தில் ஒரு குழாய் வெடித்து நெருப்புச் சுவாலை வந்தது. திரும்பிப் போக வழி இல்லை. கண்ணை மூடாமல் ஓட்டினார்.

14 மணி 56 நிமிஷம் பறந்து, வட அயர்லாந்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். மாடுகள் மிரண்டு ஓடின. அட்லாண்டிக்கை இடையில் நிற்காமல் தனியாகப் பறந்து கடந்த முதல் பெண் அமீலியா. ஆண்களில் லிண்ட்பெர்க் ஒருவர் மட்டுமே அவருக்கு முன் அதைச் செய்திருந்தார். 1928-ல் வாங்கிய கடனை அமீலியா வட்டியுடன் தீர்த்துவிட்டார்.

1935-ம் ஆண்டு ஜனவரியில் ஹவாய்த் தீவில் இருந்து கலிபோர்னியாவுக்குத் தனியாகப் பறந்தார். அதை ஆண், பெண் யாருமே அதற்கு முன் செய்ததில்லை.

விடுதியில் ஒரு விமானி

இந்தியானா மாநிலத்தில் பர்டியூ பல்கலைக்கழகம் இருக்கிறது. சொந்தமாக விமான நிலையமே வைத்திருந்த பல்கலைக்கழகம் அது. அதன் தலைவர் எலியட், அமீலியாவின் பேச்சைக் கேட்டு வியந்தார். மாணவிகளுக்கு வேலை வாய்ப்பு பற்றி ஆலோசனை சொல்ல அவரை அழைத்தார். 1935-ம் ஆண்டில் அமீலியா அந்தப் பொறுப்பை ஏற்றார்.

வருஷத்தில் சில வாரங்கள் அங்கே தங்க வேண்டும். தனி பங்களா கேட்கவில்லை. மாணவிகளின் விடுதியில் ஓர் அறையில் தங்கினார். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அமீலியாவுக்கு மோர் பிடிக்கும். அதைப் பார்த்து மாணவிகள் எல்லோரும் மோர் கேட்க ஆரம்பித்தார்கள்! அவர் மேஜைமேல் முழங்கையை ஊன்றினால் அவர்களும் ஊன்றினார்கள். சாப்பாடு முடிந்ததும் தரையில் கூடி உட்கார்ந்து இரவு நெடுநேரம் பேசினார்கள்.

பேச்சு என்ன? விமானம் மட்டும் அல்ல. படித்து முடித்த பிறகு என்ன செய்வது? கலியாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகலாமா? வீட்டு வேலையில் கணவனுக்குப் பங்கு உண்டா? இப்படிப்பட்ட கேள்விகளை எழுதி மாணவிகளிடம் கொடுத்துப் பதில் வாங்கினார். பெரும்பாலோர் வேலைக்குப் போகவே ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையை அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

பெண் என்பதற்காகச் சமையல் படிப்பிலும், ஆண் என்பதற்காக என்ஜின் படிப்பிலும் தள்ளக்கூடாது என்பது அமீலியாவின் கருத்து. எந்தப் பிள்ளைக்கு எதில் நாட்டமோ அதைப் படிக்கட்டும் என்றார். விருப்பமான வேலையை முயன்று பார், சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள், அதில் வெட்கம் இல்லை என்று மாணவிகளுக்குச் சொன்னார். தாமே டெலிபோன் கம்பெனி, லாரி, ஆஸ்பத்திரி என்று சுற்றி வந்தவர் அல்லவா? அவர் சொன்னதில் அனுபவம் இருந்தது.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. பெண் கால்சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். இப்படிப் பேசினால் பெண்கள் கலியாணம் செய்துகொள்ள மாட்டார்களே என்று மாணவர்கள் சிலர் கவலைப்பட்டார்களாம்!

இந்தியாவில் அமீலியா

பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிறுவனம் நன்கொடை திரட்டி, இரண்டு என்ஜின் கொண்ட புது விமானம் வாங்க உதவியது. 1936-ம் ஆண்டு, அமீலியாவின் 39-வது பிறந்த நாளில், விமானம் கைக்கு வந்தது. பூமத்திய ரேகையை ஒட்டி உலகத்தைச் சுற்றி வர அவர் திட்டம் போட்டார். 1937-ம் ஆண்டு மார்ச்சில் செய்த முதல் முயற்சியில், ஹவாயில் கிளம்பும்போதே விமானம் சேதம் அடைந்தது. பழுது பார்த்துக்கொண்டு, ஜூன் 1-ந் தேதி மயாமி நகரில் இருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். வழி கணிக்கும் நிபுணர் பிரெட் நூனன் கூட வந்தார்.

தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா கடந்து ஜூன் 15-ந் தேதி கராச்சியில் இறங்கினார்கள். அன்று கராச்சி பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் இருந்தது. அமீலியா அங்கே ஒட்டகச் சவாரி செய்தார். 17-ந் தேதி கல்கத்தா சேர்ந்தார். அது பருவமழைக் காலம். கல்கத்தாவைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இறக்கையின் வர்ணமே உரியும் அளவுக்கு அடித்தது. பர்மா, சயாம், சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியா போய், ஜூன் 29-ந் தேதி நியூகினியாவில் லே என்ற ஊரை அடைந்தார். 22 ஆயிரம் மைல் முடிந்துவிட்டது. மீதி 7 ஆயிரம் மைல்தான்!

கடைசிப் பயணம்

அடுத்து இறங்க வேண்டிய இடம் பசிபிக் சமுத்திரத்தில் உள்ள ஹவுலண்ட் தீவு. தூரம் 2,500 மைலுக்கு மேல். தீவின் நீளமோ இரண்டு மைல்கூட இல்லை. அகலம் அரை மைல். கடலில் போட்ட பொட்டு மாதிரி!

ஜூலை 2-ந் தேதி லேயில் இருந்து கிளம்பினார்கள். தீவின் அருகே அமெரிக்கக் கப்பல் ஒன்று காத்திருந்தது. அமீலியாவின் குரல் கப்பலுக்குத் தெளிவாகக் கேட்டது. கப்பல் பேசியது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. கப்பலுக்கு மேலேதான் இருக்க வேண்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை, பெட்ரோல் குறைந்துவிட்டது என்று செய்தி வந்தது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு செய்தி. பிறகு குரல் இல்லை.

கப்பல்களும் விமானங்களும் இரண்டு வாரத்துக்கு மேல் தேடின. ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. 1939-ம் ஆண்டு ஜனவரியில் அமீலியா இறந்துவிட்டதாகக் கோர்ட்டு அறிவித்தது. காணாமற்போனபோது அவருக்கு 40 வயது நிறைய மூன்று வாரம் இருந்தது. எப்படி முடிந்தது என்பதைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

துணிச்சலில் அமீலியா குறைந்தவர் அல்ல. ஆனால் வானொலிக் கருவியைக் கையாள்வதில் அவருக்கும் நூனனுக்கும் போதிய பயிற்சி இல்லை. கடலில் ஒரு பொட்டைத் தேடிப் போகும்போது அந்தக் குறை பெரிய குறையாகிவிட்டது. துணிச்சலுக்குப் பக்கத்தில் பயிற்சியும் உட்கார வேண்டும் என்பதை அவருடைய முடிவு சொல்கிறது.

ஆபத்து உண்டு என்பதை அவர் அறிந்தே போனார். கணவருக்கு எழுதிய ஒரு கடிதத்தில் அதைச் சொல்லி, தாம் தோற்றாலும் அதைக் கண்டு மற்றப் பெண்கள் பின்வாங்கக் கூடாது என்ற கருத்தை எழுதியிருந்தார்.

அவர்கள் பின்வாங்கவில்லை. 99 பேர் சங்கம் இன்று பல நாடுகளில் கிளைவிட்டு, ஆயிரக்கணக்கான பெண் விமானிகளைக் கொண்டிருக்கிறது. விமான, விண்வெளி விஞ்ஞானம் படிக்கும் பெண்களுக்கு, ஜோண்டா என்ற மாதர் சங்கம் 1938-ல் இருந்து அமீலியா பெயரில் உதவித்தொகை கொடுத்து வருகிறது. அமெரிக்காவில் கோடை விடுமுறையில் சிறுமிகளுக்கு விமான முகாம்கள் நடக்கின்றன. பெண் விமானிகள் அங்கே தொண்டர்களாகப் போய், சிறுமிகளுக்குத் துணையாக இருந்து கற்றுக்கொடுக்கிறார்கள். பர்டியூ விடுதியில் தரையில் உட்கார்ந்து பேசிய அமீலியாவின் வாரிசுகள் அவர்கள்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. அமீலியா கராச்சிக்கு வருவதற்கு முந்திய ஆண்டிலேயே, 1936-ல், சர்ளா தக்ரால் என்ற 21 வயதுப் பெண் சேலை கட்டிக்கொண்டு தனியாக விமானம் ஓட்டினார். இன்று விமானிகளில் பெண்களின் பங்கு உலகச் சராசரியைவிட இந்தியாவில் மிக அதிகம்.

ராஜகிரி உச்சியில் நின்று ஒரு சிறுமி பறக்க ஆசைப்பட்டால், அதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியது இல்லை. அவளுக்கு என்ன படிக்க விருப்பம் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும். அமீலியா செய்ததும் அதுதான்.